நீர் எங்கே நுழைகிறது? மர லூர்களுக்கான சீலர்கள் பற்றி

உப்பிப்போன மர லூர் (மீனைக் கவரும் செயற்கை இரை) ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், மரத்துக்குள் நீர் புகாமல் தடுக்கும் சீலர் பற்றிய பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். வெளியே வண்ணம் பொரிந்திருக்கும். மேல்பூச்சில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். இவ்வளவு ஆகியும் உள்ளே உடலின் நடுப்பகுதி வெளுத்துச் சுத்தமாகவே இருக்கும். கறுத்திருப்பது மூன்றே இடங்கள்: தங்கூசி கட்டும் மூக்கு வளையத்தைச் சுற்றிய பகுதி, வயிற்று முள்ளைத் தாங்கும் திருகைச் சுற்றிய பகுதி, வால் முனை. திருகின் மரைகளில் துரு ஏறியிருக்கும். அந்தத் துருவிலிருந்து கிளம்பிய ஈரக்கறை மரநாரின் போக்கிலேயே முன்னும் பின்னும் ஓடியிருக்கும். தண்ணீர் தோல் வழியாக வரவில்லை. நாமே போட்ட துளைகள் வழியாக வந்திருக்கிறது.

மரத்தில் லூர் செதுக்குகிறவர்களிடம் எந்த சீலர் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு டப்பாவின் பெயர் வரும். அமெரிக்காவில் மஸ்கி மீனுக்குப் பெரிய கட்டைகள் செய்கிறவர் ஆளிவிதை எண்ணெய் என்பார். ஜப்பானில் பால்சாவில் விரல் நீள மினோ வகை லூர் செய்கிறவர் செல்லுலோஸ் என்பார். நம் ஊரில் செய்கிறவர்களில் பலர் பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாண்டிங் சீலரையோ, ஃபெவிக்விக் வகைப் பசையையோ, அரால்டைட் வகை எப்பாக்ஸியையோ சொல்வார்கள். அவரவர் கட்டைக்கும் அவரவர் மீனுக்கும் அது பலித்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டப்பாவின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது பலிப்பதில்லை. எந்த மரம், சீலருக்கு மேலே என்ன வரப்போகிறது, துளைகளை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

முதலில் மரம். மரம் ஈரத்தை செல் சுவர்களுக்குள்ளும் வைத்துக்கொள்ளும், செல்களின் வெற்றிடத்திலும் வைத்துக்கொள்ளும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரம் ஏறும்போது சுவர்கள் நிறைந்துவிடுகின்றன. அதுவரைதான் மரம் விரியும். அதற்கு மேல் ஏறும் நீர் எடையை மட்டுமே கூட்டும். இந்த விரிவு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான்; ஆண்டு வளையங்களின் போக்கில் அதைப் போலப் பல பத்து மடங்கு. அமெரிக்க வனத்துறைக்கு விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஒரு மர ஆய்வகம் இருக்கிறது. அது வெளியிடும் கையேட்டில், பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளையப் போக்கில் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு உண்டு: பாஸ்வுட் 9.3 சதவீதம், பால்சா 7.6, வெள்ளை பைன் 6.1, தேக்கு 5.8, மேற்கத்திய சிவப்பு சிடார் 5.

இந்த எண்களை லூரின் அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 2.5 செ.மீ. தடிமனுள்ள பாஸ்வுட் உடல், 12 சதவீத ஈரத்திலிருந்து முழுவதும் நனைந்த நிலைக்குப் போனால் ஏறக்குறைய 1.4 மி.மீ. பெருக்கும். அதே அளவு சிடார் 0.75 மி.மீ. பெருக்கும். மேலே இருக்கிற கெட்டியான எப்பாக்ஸிக் கூடு முறிவதற்குள் சில சதவீதம்தான் நீளும். பாஸ்வுட் கேட்கும் ஐந்தரை சதவீதத்தை அது கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பில் இன்னும் தண்ணீர் போகும். அமெரிக்கக் கைவினைஞர்கள் சிடாரை விரும்புவதற்கு அது லேசானது என்பது ஒரு காரணம்; ஈரத்துக்கு அதிகம் அசையாது என்பது அதைவிடப் பெரிய காரணம். பாஸ்வுட் கத்திக்கு வெண்ணெயாக இழையும், ஆனால் சீலரில் மற்ற மரங்களைவிட அதிக அக்கறை கேட்கும்.

எந்த மரமானாலும் நார் வெட்டுப்பட்ட முகத்தில் நீர் ஏறும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு. மூக்கும் வாலும் வெட்டுமுகங்கள். நாம் போடும் ஒவ்வொரு துளையும் தன் சுவரில் நார்களின் முனைகளைத் திறந்துவிடுகிறது. மரம் ‘சீலரைக் குடித்துவிட்டது’ என்று சொல்கிறோமே, அது நடப்பது பெரும்பாலும் இந்த முகங்களில்தான். பக்கவாட்டில் சீலர் இறங்கும் ஆழம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு.

பூச்சின் வரலாற்றில் ஓர் இடம் சொல்லியாக வேண்டும். பின்லாந்தின் பைஜான்னே ஏரிப் பகுதியில் மீன்பிடித்துப் பிழைத்த லௌரி ராபாலா, 1936இல் தன் முதல் லூரைச் செதுக்கினார். தக்கைக் கட்டை, செருப்புத் தைப்பவர் கத்தி, உப்புத்தாள். மினுமினுப்புக்கு சாக்லேட் சுற்றிவந்த தகடு. நல்ல வார்னிஷ் கைக்கு எட்டாத நிலையில் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். நெகட்டிவ் என்பது செல்லுலோஸிலிருந்து செய்த பிளாஸ்டிக். இன்றைக்கு அமெரிக்கக் கைவினைஞர்கள் செல்லுலோஸ் புரோப்பியனேட் மணிகளை அசிட்டோனில் கரைத்து, அதில் கட்டையை முக்கி எடுப்பதும், ஜப்பானியர்கள் பால்சாவில் அலுமினியத் தகடு ஒட்டி செல்லுலோஸ் கரைசலில் திரும்பத் திரும்ப முக்குவதும் அந்த ஏழை மீனவர் கைவேலைக்கு உறவானவைதான். வேதியியல் ஒரே குடும்பம்.

இனி ஒவ்வொன்றாக.

ஆளிவிதை எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் பக்தர்கள் அதிகம். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயோடு டர்பன்டைன் கலந்து, கட்டையை ஓரிரவு ஊறவிட்டு, பிறகு நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், காயவிடுவார்கள். வாசனை நன்றாக இருக்கும், செலவு குறைவு, செய்முறை எளிது. ஆனால் மேடிசன் ஆய்வகம் 1985இல் வெளியிட்ட ஒரு சோதனை அறிக்கை எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. பைன் துண்டுகளில் விதவிதமான பூச்சுகளைப் பூசி, 90 சதவீத ஈரக்காற்றில் 14 நாள் வைத்து, பூசாத துண்டோடு ஒப்பிட்டு எவ்வளவு ஈரத்தைத் தடுத்தன என்று அளந்தார்கள். ஆளிவிதை எண்ணெய் 14ஆம் நாளில் பூஜ்யம். மூன்று கை அரக்குப் பூச்சு பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தடுத்தது. இரண்டு பாக எப்பாக்ஸி முன்வரிசையில் நின்றது. உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியது 95 சதவீதத்தைத் தடுத்தது. நூறு சதவீதம் தடுத்தது எதுவுமில்லை.

அந்தச் சோதனை ஈரக்காற்றில் நடந்தது; நம் லூர் சில மணி நேரம் தண்ணீரில் கிடந்து பிறகு காய்கிறது. ஆகவே அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, வரிசையை எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் சொட்டு நீரை உருட்டிவிடும், வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. இன்னொரு சிக்கல் காய்வது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டுதான் இறுகும். மரத்துக்குள் ஆழமாக இறங்கியதற்கு ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்காது. அதற்கு முன்பே மேலே எப்பாக்ஸி மூடிவிட்டால் உள்ளே மிஞ்சிய டர்பன்டைன் வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் போடும். பொறுமையும், மேலே எண்ணெய் வகை வார்னிஷும் இருந்தால் இந்த வழி நிற்கும். என் தேர்வு இது அல்ல. இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும்.

முதலிடம் பிடித்த மெழுகைப் பூசினால் என்ன என்று தோன்றலாம். மெழுகின் மேல் வண்ணமும் நிற்காது, எப்பாக்ஸியும் நிற்காது. வண்ணமே வேண்டாத கட்டைக்கு மட்டும் அது சரி.

எப்பாக்ஸிக்கு வருகிறேன். இங்கே விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பாக எப்பாக்ஸி கெட்டியானது. நேரே பூசினால் மரத்தின் மேலேயே நின்றுவிடும். அதனால் ஆல்கஹாலோ அசிட்டோனோ கலந்து நீர்க்கச் செய்வது வழக்கம். படகுக் கட்டுமானத்துக்கு எப்பாக்ஸி செய்கிற வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தாரே இதை எச்சரிக்கிறார்கள்: ஐந்து சதவீதம் தின்னர் கலந்தாலே எப்பாக்ஸியின் அழுத்தம் தாங்கும் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கரைப்பான் முழுவதும் வெளியேறாமல் உள்ளே சிக்கினால் பூச்சு என்றைக்கும் சற்று மெத்தென்றே இருக்கும். நீர்க்கச் செய்யாமலே உள்ளே இறக்க ஒரு வழி உண்டு. கட்டையை வெயிலிலோ ஹேர் ட்ரையரிலோ கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சூட்டை நிறுத்திவிட்டு உடனே எப்பாக்ஸியைத் தடவ வேண்டும். சூடான மரத்தில் பட்டதும் எப்பாக்ஸி இளகும். மரம் ஆற ஆற உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கி, பூச்சைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: மூக்கிலும் வாலிலும் பளபளப்பு சில நிமிடத்தில் மங்கி, மரம் மறுபடி வறண்டு நிற்கும். அந்த இடங்களில் இன்னொரு கை வைக்க வேண்டும். மங்குவது நிற்கும் வரை வைக்க வேண்டும். இதையே தலைகீழாக, காலைக் குளிரில் பூசி வெயிலில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழி குமிழியாக வெளிவரும். எப்பாக்ஸியில் குமிழி வருகிறது என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். மாற்ற வேண்டியது பூசும் நேரத்தைத்தான்.

கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 80 சதவீத ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் மரம், தானாகவே சுமார் 16 சதவீத ஈரத்தை ஏற்றிக்கொள்ளும். அந்த ஈரத்தை வைத்து சீல் பண்ணினால் நாம் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பூட்டுகிறோம். செதுக்கிய கட்டையை அரிசி டப்பாவிலோ, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய டப்பாவிலோ சில நாள் வைத்து, எடை குறைவது நின்ற பிறகு பூசுவது நல்லது. ஈரக்காற்றில் சில எப்பாக்ஸிகளின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் பிசுக்கு உள்ளே தேய்ந்து, அடுத்த பூச்சு உரிந்து வரும்.

எப்பாக்ஸியைப் பற்றிப் பேசும்போது பண்ருட்டிப் பக்கத்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கார்டனால் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து செய்யும் ஃபீனால்கமைன் என்ற ஹார்ட்னர், ஈரமான பரப்பிலும் எப்பாக்ஸியை இறுகச் செய்யும். கப்பல்களுக்கும் கடல்சார் இரும்புக் கட்டுமானங்களுக்கும் போகும் பெயிண்ட்களில் அது உண்டு. ஈரமான ஊரில் லூர் செய்கிறவர், கடல்சார் எப்பாக்ஸி வாங்கும்போது இந்த ஹார்ட்னர் உள்ளதா என்று கேட்டுப் பார்ப்பது பலனுள்ளது. ஆனால் ஓட்டிலிருந்து வரும் பச்சை எண்ணெயைக் கையில் தொடக் கூடாது, தோல் வெந்துபோகும்.

சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூ, பால்சாவுக்கு நான் முதலில் சொல்லும் பொருள். நீர் போல ஓடும் மெல்லிய வகையாக இருக்க வேண்டும். பால்சாவின் பலவீனம் நீர் மட்டுமல்ல, நசுங்குவதும்தான். இந்தப் பசை இறங்கிய இடம் ஓடு கட்டிக் கெட்டியாகும். நிமிடங்களில் வேலை முடியும், கூடும் எடை குறைவு. எடை பால்சாவில் பெரிய விஷயம். ஒன்பது செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. தடிமன் உள்ள உடலில் பத்தில் ஒரு மி.மீ. தடிமனுக்கு எப்பாக்ஸி ஏறினால் அரை கிராமுக்குக் கிட்டக் கூடும். அந்த அளவு பால்சா மொத்தமே இரண்டு மூன்று கிராம்தான். நாலு கை ஏற்றினால் மரத்தின் எடைக்குச் சமமாகப் பூச்சு வந்து, லூரின் ஆட்டம் மந்தமாகிவிடும். பசையின் ஆபத்துகளும் உண்டு. அதிகம் ஊற்றினால் சூடேறிப் புகையும், கண் எரியும். பருத்தித் துணியிலோ பருத்திக் கையுறையிலோ கொட்டினால் தோல் சுடும் அளவுக்குச் சூடாகும். பாலித்தீன் கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும்.

செல்லுலோஸ் முக்கல் பால்சாவுக்கு அடுத்த நல்ல வழி. சீலரும் அதுவே, மேடுபள்ளம் நிரப்புவதும் அதுவே. துளைகளோடு சேர்த்து முழுக் கட்டையையும் முக்குவதால், நாம் முதலில் பார்த்த கறுப்புக் கறைக்கு இது ஓரளவு தானாகவே மருந்தாகிறது. ஒவ்வொரு முக்கலும் முந்தியதைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாகிவிடும், அடுக்கடுக்காக உரியாது. அதே காரணத்தால் மேலே தின்னர் வகைப் பெயிண்ட் அடித்தால் அடிப்பூச்சு கரையும்; நீர்வகை அக்ரிலிக் வண்ணமே பொருந்தும். மழைக்காலத்தில் அசிட்டோன் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விப்பதால், காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். அந்த நாட்களில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. அடுப்போ விளக்கோ எரியும் அறையில் அசிட்டோன் டப்பாவைத் திறக்கவே கூடாது.

பெயிண்ட் கடை சாண்டிங் சீலரைப் பற்றி ஒரு வார்த்தை. அது மேசை நாற்காலிக்குச் செய்தது. உப்புத்தாளில் மாவாக உதிர வேண்டும் என்பதற்காக அதில் ஜிங்க் ஸ்டியரேட் என்ற சோப்பு வகை சேர்க்கிறார்கள். வழவழப்பு கிடைக்கும், நீர் எதிர்ப்பு குறைவு, மேலே பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. மேலேயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரே வரப்போகிறது என்றால் மட்டும் பயன்படுத்தலாம்.

அரக்கு நம் நாட்டுப் பொருள். ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் கட்டும் பிசின், ஸ்பிரிட்டில் கரையும், அரை மணியில் காயும். தனியாக அது நீரில் வெளுக்கும். அதன் உண்மையான பலம் இணைப்பதில் இருக்கிறது: மெழுகு நீக்கிய அரக்கு, எண்ணெய்ப்பசையுள்ள மரத்திலும் பிடிக்கும், அதன் மேல் கிட்டத்தட்ட எந்தப் பூச்சும் பிடிக்கும். தச்சுப்பட்டறைத் தேக்குத் துண்டுகளில் லூர் செய்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும். தேக்கின் இயற்கை எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, ஒரு கை அரக்கு, அதன் மேல் எப்பாக்ஸி.

பாலியூரித்தேனில் காற்றின் ஈரத்தால் இறுகும் ஒருபாக வகையை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முக்கி எடுக்கிறார்கள். மெல்லியது, பல் படும் வேலைக்கு உறுதியானது. டப்பாவைத் திறந்துவிட்டால் நம் காற்றில் சீக்கிரமே கூழாகிவிடும். சிறு குப்பிகளில் பிரித்து விளிம்பு வரை நிரப்பி மூடி வைக்க வேண்டும். ஐசோசயனேட் உள்ளதால் அதை ஸ்ப்ரே அடிப்பதை வீட்டில் செய்யவே வேண்டாம். யு.வி. ரெசின் மேல்பூச்சுக்கு அருமை, சீலராகப் பொருந்தாது: மரத்துளைக்குள் இறங்கிய ரெசினை ஒளி எட்டாது, அது அங்கே பச்சையாகவே கிடக்கும்.

மீனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொடுவா லூரை வாயால் உறிஞ்சி எடுப்பது. மேல்பூச்சை அதிகம் சேதப்படுத்தாது. சீலாவும் வஞ்சிரமும் அப்படியல்ல. அவற்றின் பல் மேல்பூச்சைத் துளைத்து மரம் வரை போகும். அங்கே மேலே நிற்கும் படலம் எவ்வளவு கெட்டியானாலும் தோற்கும். மரத்துக்குள் இறங்கியதே காக்கும். பாறை மீனுக்குத் தேக்கில் செய்யும் பெரிய பாப்பர் வகை லூர்களுக்கு, சூட்டோடு பூசிய எப்பாக்ஸியைத்தான் பரிந்துரைப்பேன். சிடார், பைன் கட்டைகளுக்கும் அதுவே. பால்சாவுக்குப் பசை அல்லது செல்லுலோஸ்.

எதுவானாலும் துளைகள் எல்லாம் சீலருக்கு முன்பே போடப்பட வேண்டும். வண்ணமும் மேல்பூச்சும் முடித்துவிட்டு, கடைசியில் திருகு வளையத்தை அழுத்தித் திருகுகிற பழக்கம்தான் நான் பார்த்த கறுப்புக் கறைகளுக்குப் பெரும்பாலும் காரணம். முதலில் துளை, பிறகு ஊசி போட்ட சிரிஞ்சில் மெல்லிய பசையையோ இளக்கிய எப்பாக்ஸியையோ துளைக்குள் விட்டு, கட்டையைத் திருப்பித் திருப்பிச் சுவர் முழுக்க நனைய விட வேண்டும். காய்ந்ததும் மறுபடி அதே அளவு ட்ரில்லைக் கையால் விட்டுச் சுத்தம் செய்யலாம். கடைசியில் வளையத்தின் மரைகளை எப்பாக்ஸியில் தோய்த்துத் திருகும்போது, கழுத்தைச் சுற்றி ஒரு சிறு மேடு பிதுங்கி வர வேண்டும். அதைத் துடைக்காமல் விடுங்கள். உடலுக்குள் ஒரே கம்பி ஓடும் லூர்களில் கம்பி வைக்கும் பிளவு முழுவதையும் இப்படியே நனைக்க வேண்டும்.

எந்த சீலர் உங்கள் மரத்துக்குச் சரி என்பதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரே பலகையிலிருந்து ஒரே அளவுத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, ஒவ்வொரு சீலர் பூசி, நகைத்தராசு வகை டிஜிட்டல் தராசில் எடை எழுதி, வாளித் தண்ணீரில் கல் வைத்து ஓரிரவு அமுக்குங்கள். காலையில் மேலே துடைத்து மறுபடி எடை போடுங்கள். பூசாத ஒரு துண்டும் கூடவே கிடக்க வேண்டும்; இல்லாவிட்டால் எண்களுக்குப் பொருளில்லை. பிறகு அதே துண்டுகளை வெயிலில் உலர்த்தி மறுபடி ஊறவையுங்கள். இரண்டாம் சுற்றில்தான், மரம் அசைந்து பூச்சு வெடித்திருக்கிறதா என்பது தெரியவரும்.

மீன் பிடித்துத் திரும்பியதும் பல் பட்ட இடங்களை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் மரம் திறந்திருக்கிறது. அன்றே பசையால் மூடிவிடக் கூடாது. உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும். முள்ளைக் கழற்றி நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, எடை பழைய நிலைக்கு வந்த பிறகு மெல்லிய பசை ஒரு துளி. மேலே சிறிது எப்பாக்ஸி.